இரண்டு விரல் கிள்ளல்

ஒக்னியான் இறந்து நாற்பது நாள் ஆகும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. ரூசே ஊரில் இந்த விஷயத்தில் யாரும் வாலாட்ட முடியாது. ஸ்தாங்கா அம்மாளிடம் அறவே முடியாது. மகன் போன அன்றே ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிப்போட்டவள். அன்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

இளையவன் யாவோருக்குத்தான் தர்மசங்கடம். நாற்பதாம் நாள் கலாசார மன்றத்தில் அண்ணனின் பாட்டை அண்ணனுடைய குழு வாசிக்கப் போகிறது, டிரம்ஸ் யாவோர். அந்தப் பாட்டு சட்டென்று முடியும். ஒக்னியான் இருந்தவரை, அவன் கிதாரிலிருந்து கையைத் தூக்கிய நொடியே டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலும் வாயை மூடிவிடும்.

"அவன் நிறுத்துற மாதிரியே நிறுத்தணும்டா. இழுத்துக்கிட்டு நின்னா எனக்குத் தாங்காது," என்றாள் அம்மா.

அதுவரை நிஜ டிரம்ஸைத் தொடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, யாவோர் தன் அறையில் எலக்ட்ரானிக் டிரம்ஸில் பழகினான். காதில் ஹெட்போன். வெளியே ரப்பர் தட்டும் சத்தம் மட்டும்தான்.

"உள்ள என்னடா, கறி கொத்துறியா?"

"அண்ணன் பாட்டும்மா."

"சரி, கொத்து."

அந்த ரப்பர் சிம்பலின் நடுக்குமிழில் தட்டினால் ஹெட்போனில் மணியாக ஒலிக்கும். குச்சியைச் சாய்த்து விளிம்பில் அடித்தால் இரையும். அடித்த கையோடு, தன் பக்கத்து விளிம்பை இரண்டு விரலால் கிள்ளினால் போதும், ஓசை அறுந்துவிடும். நாற்பது நாளும் அடித்தான், கிள்ளினான். தூக்கத்திலும் அவன் விரல்கள் கிள்ளின.

நாற்பதாம் நாள் கல்லறையில் சடங்குப்படி அவித்த கோதுமை கொடுத்து முடித்து, எல்லோரும் மன்றத்துக்கு வந்தார்கள். பாட்டு ஒரு பிசகுமில்லாமல் போயிற்று. கடைசி அடி. யாவோர் பழகியபடியே விளிம்பைக் கிள்ளினான்.

வெண்கலம் கிள்ளலுக்கெல்லாம் அடங்குமா? அதை மொத்தக் கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை நாற்பது நாள் பழக்கம் மறக்கடித்திருந்தது. அது பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் பாட்டைக் கெடுத்துவிட்டோமே என்று பதறி, யாவோர் அதை அமுக்கக் கையை நீட்டினான்.

"விடுடா!"

முதல் வரிசையில் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அமுக்காத. நான் அமுக்கி வச்சது போதும். அதுவா நிக்கட்டும்."

அவன் கையை மடியில் போட்டுக்கொண்டான். ஓசை மெல்ல மெல்ல இளைத்தது. அது முழுதாய் ஓய்வதற்குள் ஸ்தாங்கா அம்மாள் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.