கனடாக் குளிசை

நீர்வேலித் தம்பிராசா மாசி மாதத்திலிருந்து விழத் தொடங்கினார். முதலில் கிணற்றடியில், பிறகு வாழைக்குள், கடைசியாகப் பிள்ளையார் கோயில் வாசலில், அதுவும் பூசை நேரம், ஊரே பார்க்க. விழுந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அடுத்த வீட்டுச் சிவசுப்பிரமணியம் அதைப் படம்பிடித்துக் கனடாவிலிருக்கும் இவருடைய மகளுக்கு அனுப்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை. தூக்கிவிட ஒரு கை இல்லை, படமெடுக்க மட்டும் கை இருந்திருக்கிறது நாசமாய்ப் போனவனுக்கு!

மகள் சுபாஜினி உடனே போன் எடுத்தாள். "அப்பா, இனி நீங்கள் தனிய இருக்கேலாது. முதியோர் இல்லத்திலை கதைச்சிட்டன். வாற மாதம் போறியள். தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுப்பம்."

"நான் கட்டையிலை போனபிறகு குடு!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். மனிசி வாழ்ந்து செத்த வீட்டையும் தன் கையால் நட்ட வாழையையும் விட்டுவிட்டு, யாரோ மணியடிக்க எழும்பி, யாரோ ஊற்றித் தரும் தேத்தண்ணியைக் குடிப்பதா?

இனியும் விழுந்தால் கதை முடிந்தது. இரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மருந்துக் குளிசை எடுக்கும் அரசாங்கக் கிளினிக்கில், டொக்டர் பெண்பிள்ளையிடம் முறையிட்டார். அந்தப் பெண் அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிறசர் பார்த்தாள். நின்றதும் அது கிடுகிடுவென்று இறங்கியது. வீட்டில் இருக்கிற குளிசை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள்.

மறுநாள், செய்த பாவத்துக்குச் சிவசுப்பிரமணியமே மோட்டார்சைக்கிளில் ஏற்றி வந்தார். தம்பிராசா குளிசைகள் போட்டுவைத்திருந்த பால்மாப் பேணியை மேசையில் கவிழ்த்தார். டொக்டர் வெளிநாட்டு அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இது ஆர் தந்தது, ஐயா?"

"தையிலை இருந்து மகள் அனுப்புறவ. மருமகனுக்கு அங்கை எழுதிக் குடுக்கிற பிறசர் குளிசை. அந்தாள் குடிக்கிறேல்லை. வீணாப் போகாமல் சொக்லேட்டோடை இஞ்சை வரும்."

"அப்ப நாங்கள் தந்தது?"

"அதையும் போடுறனான். அரசாங்கம் சும்மா தாறதைப் பழுதாக்கலாமே?"

டொக்டர் தலையில் கை வைத்தாள். "ஐயோ, பேர்தான் வேறை, ரண்டும் ஒரே மருந்து! ரண்டு பேரின்ரை குளிசையை ஒரு ஆள் விழுங்கினால் விழாமல் என்ன செய்யும்? எங்கடையை மட்டும் போடுங்கோ, விழமாட்டியள்."

"அப்ப கனடாக் குளிசையை எறியாதையுங்கோ, டொக்டர்," என்றார் சிவசுப்பிரமணியம். "எனக்கும் பிறசர் கிடக்கு."

அவள் முறைத்த முறைப்பில் மனுசன் மோட்டார்சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டார்.

மகளைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் கட்டிக்கொண்டு வந்தார் தம்பிராசா. பின்னேரம் அவளே போன் எடுத்தாள். விசயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் விம்மல். கட்டிய வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, "அழாதை பிள்ளை," என்றார்.

"நானே உங்களை விழுத்தியிருக்கிறன், அப்பா. கிளினிக் குளிசை இருக்கேக்கை ஏன் இதையும் குடிச்சனீங்கள்?"

"அது பிறசருக்குக் குடிச்சது. இது நீ அனுப்பினதெண்டு குடிச்சனான்."

சுபாஜினி மூக்கைச் சிந்தினாள்.

"இல்லத்துக்கு நீங்கள் வரேல்லையெண்டு சொல்லிவிடுறன், அப்பா."

தம்பிராசா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "ஓம், சொல்லு. குளிசையை உன்ரை மனிசன்ரை வாயிலையே தீத்து. எனக்குச் சொக்லேட்டை மட்டும் அனுப்பு."