இடது கெண்டைக்கால்

கறிக்கடைக்காரர் மசாஜ் வகுப்பில் சேர்ந்த விஷயம் தெரிந்தபோது தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு யாராவது சேர்ந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். அவருடைய மகன் போய்ப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோருக்கும் குரல் தானாக இறங்கிவிடும்.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. காலையில் வேலைக்குப் போனவனின் பைக் மேல் லாரி ஏறிவிட்டது. பிணவறையில் அடையாளம் காட்டப் போனவர் கறிக்கடைக்காரர்தான். மனைவியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறந்து, ஏழெட்டு மாதம் எப்போதும்போல வெட்டினார். பிறகு ஒரு நாள், தொடைக்கறி கேட்டு நின்றவர் முன்னால் கத்தியை ஓங்கியவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை, மயக்கம் வரவில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். கத்தியைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்தார், வீட்டுக்கு நடந்தார். கடையைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

மனைவியின் தம்பிதான் படிவத்தோடு வந்தான்.

"அத்தான், சும்மாவே உட்கார்ந்திருந்தா மூளை துருப்பிடிச்சிடும். எல்லாம் நானே நிரப்பிட்டேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

"என்ன படிப்பு?"

"மசாஜ். ஸ்வீடிஷ் மசாஜ்னு பேரு. நாலு மாசம். உங்களுக்குத்தான் கையில பலம் இருக்கே."

போட்டார். விமானம் ஓட்டுகிற படிப்பு என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பார்.

மனைவி அப்போது ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். சமைப்பாள், துவைப்பாள், மற்ற நேரமெல்லாம் அந்த நாற்காலிதான். எதிரே டிவி ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிறாளா இல்லையா என்பது அந்த டிவிக்குத்தான் வெளிச்சம். தம்பி வந்ததற்கும் போனதற்கும் தலையை மட்டும் அசைத்தாள்.

வகுப்பு ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே கட்டில்கள் மெல்ல அதிரும். சுவரில் தோல் உரிந்து நிற்கும் மனிதனின் படம் ஒன்று, ஆள் உயரத்துக்கு. மற்றவர்கள் முதல் நாள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கறிக்கடைக்காரருக்கு அந்த அறையிலேயே தெரிந்த முகம் என்றால் அது ஒன்றுதான்.

டீச்சர் அவர் வயதுக்காரி. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பாள். இருபது வருஷம் பிறர் முதுகைப் பிடித்துவிட்டதில் வந்த வலி. படத்தில் ஒரு சதையைக் காட்டி, "இது எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது, யாராவது சொல்லுங்க" என்றாள். கறிக்கடைக்காரர் எழுந்து போய் விரலாலேயே கோடு போட்டுக் காட்டினார். பின்கழுத்திலிருந்து தோள் வரைக்கும், அங்கிருந்து முதுகின் நடுவரைக்கும். அதற்கு அடியில் இன்னொரு சதை ஒளிந்திருக்கிறது என்பதையும் காட்டினார்.

"சரியா சொன்னீங்க. பேரு?"

"பேரு தெரியாது டீச்சர். ஆளைத் தெரியும்."

ட்ரபீசியஸ் என்று டீச்சர் பலகையில் எழுதினாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு சலூன்காரர். வாய் ஓயாது. "கழுத்துக்கு மேல என் டிபார்ட்மென்ட், கீழே உங்க டிபார்ட்மென்ட். நாம ரெண்டு பேரும் சேர்ந்தா முழு மனுஷன்" என்பார். முதலில் நீவப் பழக்கினார்கள். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கால் என்றால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, கை என்றால் மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி, எப்போதும் இதயத்தின் பக்கமாகத்தான் போக வேண்டும். கறியை நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் மெத்தென்று இருக்கும் என்று முப்பது வருஷம் குறுக்கேயே போன கை அது. நார் ஓடுகிற திசையில் போவதற்கு முரண்டு பிடித்தது.

பிசைகிற பாடம் வந்த நாளில் சலூன்காரர் குப்புறப் படுத்தபடி முனகினார்.

"அண்ணே, கொஞ்சம் பார்த்து. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

அறை சிரித்தது. உடனே யாருக்கோ ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. கறிக்கடைக்காரர் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார். அவருக்கு அது வலிக்கவில்லை. வலிக்க வேண்டுமே என்று தோன்றியது, வலிக்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். "உங்க கைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு சார். ஆனா கேக்க மாட்டேங்குது. முதல்ல உள்ளங்கையைச் சும்மா வைங்க. அந்த இடம் சூடா, ஜில்லுனு இருக்கா, இறுக்கமா, தளர்வான்னு பாருங்க. அப்புறம் அழுத்தலாம்."

அவர் வைத்தார். சலூன்காரர் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது, மூச்சுக்கு ஏறி இறங்கியது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கை வைக்கக் கூடாத இடங்கள், கை வைக்கக் கூடாத ஆட்கள். முதுகெலும்பு மேல் நேராக அழுத்தக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியைத் தாண்டித்தான் போக வேண்டும். காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டும். "ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, வலியோட இருந்தா தொடாதீங்க. நீவக்கூடக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே போயிடுவாங்க. போர்வையை மூடிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க." கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் இதை இரண்டு முறை சொன்னாள்.

வீட்டில் யாருக்காவது இருபது மணி நேரம் செய்து பழக வேண்டும் என்பது விதி. மடக்குக் கட்டில் ஒன்றை வகுப்பிலேயே கொடுத்தார்கள். அவர் அதைத் தோளில் சுமந்து வந்து கூடத்தில் விரித்தார்.

"கொஞ்சம் படுக்கிறியா? பழகணுமாம்."

"ம்" என்றாள் மனைவி.

முதல் நாள் முதுகு. மகன் போனதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் தொட்டதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஒரே கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தூங்கினார்கள். இப்போது அவர் உள்ளங்கையை வைத்தபோது, அவள் தோளும் கழுத்தும் சேரும் இடம் முறுக்கிப் போட்ட கயிறு மாதிரி இருந்தது. நீவினார், பிசைந்தார், தோள்பட்டை எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். கயிறு இளகவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டு எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் கால்கள். மதியம் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வலது காலை முடித்து மூடினார். இடது கால் பக்கம் போர்வையை விலக்கி, எண்ணெய் எடுப்பதற்கு முன்னால் கெண்டைக்கால் மேல் சும்மா கையை வைத்தார்.

சூடு. அடுப்பு மேடையில் ஓரமாக வைத்த பாத்திரத்தின் சூடு. வலது காலைத் திரும்பத் திறந்து தொட்டுப் பார்த்தார். அது சாதாரணமாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடதுகால் ஒரு சுற்றுப் பெருத்து, தோல் இழுத்துக் கட்டின மாதிரி மின்னியது.

"இங்க வலிக்குதா?"

தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்த முகத்திலிருந்து பதில் வந்தது. "வலிக்குது."

"எப்ப இருந்து?"

"நாலு நாளா."

"சொல்லலையே."

"சொல்லத் தோணலை."

அவர் போர்வையை இழுத்து மூடினார். தம்பிக்குப் போன் செய்து, "கார் எடுத்துட்டு வா. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்" என்றார். "காலை ஊனாதே, நடக்காதே" என்று அவளிடம் சொன்னார். தம்பி மூச்சிரைக்க வந்தான். இருவரும் அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் இளம்பெண். திரையில் கறுப்பாக ஓர் இடத்தைக் காட்டினாள். "தொடை வரைக்கும் ரத்தம் கட்டி ஏறியிருக்கு. ரொம்ப நேரம் அசையாம உட்கார்ந்தே இருப்பாங்களா?"

"ஆமா" என்றார் அவர்.

"காலைப் பிடிச்சு விட்டீங்களா?"

"இல்ல. கை வச்சேன். எடுத்துட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை பார்த்தாள். "நல்ல வேளை" என்றாள். பிறகு திரும்பவும் எழுதினாள்.

ரத்தக் கட்டு வளராமலிருக்க வயிற்றில் ஊசி போட்டுப் பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். "நாலு நாளா வலியை வாயில போட்டுப் பூட்டி வச்சிருக்கியே அக்கா. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றவன், சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் டீ வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

மறுநாள் பிற்பகல். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி விட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு அவன் கை எப்படி இருந்துச்சு?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"ஜில்லுனு இருந்துச்சு."

"தொட்டீங்களா?"

"பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவங்க வந்து போதும்னு சொல்ற வரைக்கும்."

"எந்தக் கை?"

"வலது கை. இடது கை சரியில்ல."

அவள் தலையை ஆட்டினாள். "நான் வந்திருக்கணும். வராதேன்னு சொன்னீங்க, நானும் சரின்னு இருந்துட்டேன்."

"தப்பு என்னுதுதான். நீ பார்க்க வேண்டாம்னு நினைச்சேன்."

"யாரும் பிடிச்சுக்காம தனியா கிடந்தானோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "தினமும் அதையேதான். நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல."

அவள் போர்வைக்கு வெளியே கிடந்த தன் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். நீவவில்லை, அழுத்தவில்லை. நர்ஸ் காய்ச்சல் பார்க்க வரும் வரை அப்படியே இருந்தார்கள். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் மாத்திரை, தினமும் காலையிலும் மாலையிலும் நடை. அவர் பரீட்சையில் தேறினார். கெண்டைச்சதையின் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயரை மட்டும் தப்பாக எழுதிவிட்டார். இப்போது ஓடுகிறவர்களும் பந்து விளையாடுகிறவர்களும் வருகிற ஓர் இடத்தில் காலை வேளைகளில் வேலை. நல்ல கை என்று சொல்லித் தேடி வருகிறார்கள். அதில் அவருக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சலிப்பும் இல்லை.

மாலையில் இருவரும் தெருமுனைப் பூங்கா வரை நடக்கிறார்கள். அவள் இடது காலைக் கொஞ்சம் தாங்கித்தான் வைக்கிறாள். பெரும்பாலும் பேச்சில்லை. நேற்று பாதி வழியில் நின்று, "அவனுக்கு உங்க நடை" என்றாள். "பாதத்தை வெளிப்பக்கமா போட்டு நடப்பான்."

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். ஆமாம், வெளிப்பக்கமாகத்தான் இருந்தன. பிறகு இருவரும் மேலே நடந்தார்கள்.