கண்டிப் பொடி

மணவூர் ஸ்டேஷனில் இறங்கிய தமயந்தியின் பையில் இரண்டு பொடிப் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்று அவள் போட்டது, இன்னொன்று அவளைப் பார்த்து வேறொருவன் போட்டது. இரண்டிலும் ஒரே மயில். தோகையில் கண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு துவரம்பருப்பு. திருத்தணியில் ஏறியதிலிருந்து என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதற்கப்புறம் ஒரு பொங்கலுக்குக்கூடத் தான் விசாரிக்காமல் விட்ட பெண்ணிடம் போய்க் கையெழுத்து கேட்க வேண்டும். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு அவமானத்தில்தான் போய் முடிந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் பொடிக்கடை வைத்திருக்கிறாள் தமயந்தி. மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், அதனால் பாக்கெட்டில் தெலுங்கிலும் பேர் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். துவரம்பருப்புப் பொடிக்குத் தெலுங்கில் கந்திப் பொடி. அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்தான், வீட்டில் தெலுங்குதான். ஆனால் ஒரு தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாது. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து லேபிள் போட்டுக்கொடுக்கும் துர்காவுக்குப் பேரை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினாள். துர்காவுக்குத் தெலுங்கே தெரியாது. அவள் அதைக் கண்டி என்று படித்து, தமிழில் அடித்து, செல்லில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் தெலுங்கு எழுத்தாக மாற்றி, தான் வரைந்த மயிலுக்கு மேலே வைத்துவிட்டாள். ஐயாயிரம் லேபிள் அச்சாகி வந்த பிறகு, ஆந்திராப் பக்கம் புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்தக் கண்ணில் போட்டுக்கொள்வது என்று கேட்டாள். தெலுங்கில் கந்தி என்றால் துவரை. ஆப் மாற்றிய எழுத்தில் அது கண்ட்டி என்று விழுந்திருந்தது, அப்படியென்றால் கண்ணுடையது. மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த பொடி கண்மருந்தாகிக் கிடந்தது.

தமயந்தி துர்காவைத் திட்டித் தீர்த்தாள். ஆனாலும் ஐயாயிரத்தையும் கிழித்துப் போட மனசு வரவில்லை, அதையே ஒட்டினாள். படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் வாங்கினார்கள், அடுத்த கிருத்திகைக்கு வந்தபோது அந்தக் கண்ணுப் பொடி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆறே மாதத்தில் தமிழ்க்காரர்களும் கண்டிப் பொடி என்றே சொல்லத் தொடங்க, கடைக்கு அதுவே பேராகிவிட்டது. இத்தனை நடந்தும் துர்காவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ செய்த தப்பில்தான் என் பிழைப்பு ஓடுகிறது என்று சொல்ல வாய் வந்தால்தானே.

இப்போது அந்தப் பேரே கைவிட்டுப் போகப் பார்த்தது. அவளிடம் டஜன் டஜனாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு மொத்த வியாபாரி, பேரையும் மயிலையும் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யச் சொல்லி எழுதிப் போட்டிருந்தான். போதாததற்கு வக்கீல் நோட்டீஸ் வேறு. இரண்டு வருஷமாக இது அவனுடைய அடையாளமாம், தமயந்திதான் காப்பியடிக்கிறாளாம், பதினைந்து நாளில் நிறுத்த வேண்டுமாம். இந்த நாலு வருஷத்தில் தமயந்தி செல்லை இரண்டு தடவை மாற்றியிருந்தாள், தான்தான் முதலில் போட்டது என்று காட்டப் பழையது எதுவும் கையில் இல்லை. வக்கீல் பரசுராமன் நோட்டீஸை விட்டுவிட்டு மயிலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"காசு குடுத்துட்டா படம் உங்களுதாயிடாதும்மா. வரைஞ்சவங்களுதுதான். அவங்க எழுதிக் குடுக்கணும். எப்ப வரைஞ்சாங்கன்றதுக்கும் ஏதாவது வேணும்."

துர்கா வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டு, வாங்கக்கா என்று உள்ளே கூப்பிட்டு டீ போட்டாள். தமயந்தி ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய் நோட்டீஸையும் இரண்டு பாக்கெட்டையும் அவள் முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தாள். துர்கா போலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"போன மாசம் ஒருத்தர் போன் பண்ணாருக்கா. மயில் படம் பெருசா வேணும்னு கேட்டாரு. அது என்னுது இல்லிங்க, தமயந்தி அக்காதுன்னு சொல்லி வச்சிட்டேன்."

தமயந்தி டீயைக் கீழே வைத்தாள். சட்டம் இவளுடையது என்கிறது. இவளோ கேட்டவனிடம் அது அக்காவுடையது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

துர்கா செல்லில் வெகுநேரம் மேலே தள்ளிக்கொண்டே போனாள். நாலு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதத்தில் வந்து நின்றாள். அவள் அனுப்பிய மயில் படம் தேதியோடு இருந்தது. அதற்குக் கீழே தமயந்தி அனுப்பிய குரல் பதிவு. துர்கா தயங்கிவிட்டு அதை அழுத்தினாள்.

"கந்தினு அனுப்புனா கண்டினு அடிச்சி வச்சிகிற. காரப்பொடிய கண்ணுல அப்பிக்கவா மலைக்கி வர்றாங்க? உனுக்கெல்லாம் எதுக்கு இந்த வேல? மாடு மேய்க்கப் போ."

தன் குரல்தான் என்று நம்ப முடியவில்லை. இந்தப் பேர் அன்றைக்கே வந்துவிட்டது என்று கோர்ட்டில் போட்டுக்காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தெரிந்தது. தெரிந்தும் தலை நிமிரவில்லை.

"இத ஏம்மா வச்சிங்கிற?"

"அதுல இருந்து யாரு தெலுங்குல அடிக்கச் சொன்னாலும் மொதல்ல இத ஒரு தபா போட்டுக் கேட்டுக்குவேன். அப்பறம் தெலுங்கு தெரிஞ்சவங்க யார்னா பாத்த பின்னாடிதான் பிரிண்டுக்குக் குடுப்பேன். இன்னி வரைக்கும் ஒரு தப்பு வரல."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் தமயந்திக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

படம் இனி தமயந்தியுடையது என்று பரசுராமன் எழுதிக்கொடுத்து அனுப்பியிருந்த பத்திரத்தை துர்கா நிதானமாக ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை செல்லோடு தானே திருத்தணிக்கு வந்து வக்கீலிடம் காட்டுகிறேன் என்றாள். என்ன வேண்டும் கேள் என்று தமயந்தி விடாமல் கேட்டதற்கு, கடைசியில், பாக்கெட்டின் ஓரத்தில் பொடியெழுத்தில் படம் துர்கா என்று போட முடியுமா என்று கேட்டாள்.

"பொடியெழுத்துல எதுக்கு? நல்லா தெரியற மாரி போடு. தெலுங்குலயும் போடு."

"தெலுங்குல நீங்களே யாரையாவது கேட்டு எழுதி அனுப்பிடுங்கக்கா," என்று துர்கா சொல்ல, வந்ததிலிருந்து முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கேஸ் எப்படிப் போகுமோ தெரியாது. ஆனால் வரும்போது நெஞ்சில் இருந்த கனம் இப்போது இல்லை. செல்லை எடுத்து, துர்காவின் பேருக்குக் கீழே குரல் பதிவு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். "துர்கா" என்றாள். அடுத்து எங்கே ஆரம்பிப்பது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அரக்கோணம் சிக்னலுக்காக வண்டி நின்றது, பிறகு நகர்ந்தது. விரலை எடுத்தபோது ஒரு நிமிஷத்துக்குமேல் ஓடியிருந்தது, பேரைத் தவிர அவ்வளவும் வண்டிச் சத்தம். அது அப்படியே துர்காவுக்குப் போய்விட்டது.

இரண்டு டிக்கும் நீலமாயின. கொஞ்ச நேரம் கழித்து எழுத்தில் பதில் வந்தது.

"இதையும் அழிக்க மாட்டேன்கா."