இருபத்திமூன்று பிடிகட்டைகள்

லேத்தின் கத்தி துப்பாக்கிக் குழலின் முனையைத் தொட்டது. நீலம் பாய்ந்த உருக்குச் சுருளொன்று புகைந்தபடி கஸ்பரின் சப்பாத்தின் மேல் விழுந்தது. அவன் காலை உதறவில்லை. கண்ணை எடுத்தால் வெட்டுகிற மரை கெட்டுவிடும்.

"ஐசே கஸ்பர்! உதை நிப்பாட்டிப்போட்டு உள்ளை வாரும்."

கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு பட்டறையின் மேற்பார்வைக்காரர், சார்ஜ்-ஹாண்ட் பத்மநாதன் நின்றார். பட்டறையில் பதினாலு பேர். தமிழர் அவர்கள் இரண்டு பேர்தான். பத்மநாதன் எழுபத்திரண்டில் லண்டனுக்குப் படிக்க வந்து, ஹரோவில் வீடு வாங்கியவர். கஸ்பர் மன்னாரில் வள்ளத்து எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்து, எண்பத்தெட்டில் அகதியாக வந்தவன். ஹவுன்ஸ்லோவின் இந்தப் பட்டறையில், போட்டிச் சுடுநர்களுக்கான ரைபிள் குழல்கள் செய்யும் இடத்தில், முதலில் கூட்டித் துடைத்தான். பிறகு லேத்தில் விட்டார்கள். இரண்டு வருடமாகியும் சம்பளப் புத்தகத்தில் அவன் இன்னும் கூட்டுகிறவன்தான்.

கஸ்பர் கையைத் துடைத்தபடி போனான். கடிதம் வந்துவிட்டதாக நினைத்தான். பெண்சாதி டொலறஸும் மகளும் ஏழு மாதமாகக் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் கிடக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விசா நேர்முகம். கஸ்பர் இங்கே நிரந்தர லேத் வேலைக்காரன், பெண்சாதி பிள்ளையைப் பார்க்கக் கூடியவன் என்று கம்பனி எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். நேற்று டெலிபோனில் டொலறஸ் ஒன்றுதான் கேட்டாள்: "கடிதத்தை ஃபாக்ஸிலை போட்டுட்டீங்களே?"

மேசையில் கடிதம் இல்லை. ஒரு மரக்கட்டை கிடந்தது. இரண்டு பாதிகளாகப் பிளந்து, நடுவில் குழல் படுக்கிற மாதிரிக் குடைந்த பிடிகட்டை. ஓரத்தில் உளியால் வெட்டிய 'க'. அதன் மேல் காய்ந்த இரத்தம்.

மேசைக்குப் பின்னால் முதலாளி ஹார்லன். கையில் வக்கீல் கடிதம்.

"உது ஆற்றை வேலை?" என்று பத்மநாதன் கேட்டார்.

"என்ரைதான் அண்ணை. நீங்கள் சொல்லித்தானே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."

வைகாசியில்தான் இந்தப் பிடிகட்டை வேலை தொடங்கியது. சுடும்போது வரும் உதைப்பைக் குறைக்க ரைபிளின் முனையில் ஒரு பூணைத் திருகுவார்கள். வாடிக்கைக்காரர் பலர் அதைப் பட்டறைக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே மாட்டப் பார்த்தார்கள். அப்போது குழலைக் கீறல் விழாமல் வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடிக்க ஒரு கட்டை வேண்டும். முதலாளிக்குத் தெரியாமல் விற்க, பத்மநாதன் கஸ்பரைப் பிடித்தார். கஸ்பர் வாடகை அறையின் சமையல் மேசையில் வைஸைப் பூட்டி, ஞாயிறு பூசை முடிந்து வந்து, கட்டை கட்டையாகக் குடைந்தான்.

அப்போதே சொன்னான்: "அண்ணை, குழல் எல்லாம் ஒரே மொத்தமில்லை. அடியிலை பருத்து முனைக்கு வர மெலியும். சிலது தடிப்பு, சிலது ஒல்லி. ஒண்டுக்கு வெட்டினது மற்றதைப் பிடிக்காது."

"ஒரே அளவிலை வெட்டும். எல்லாருக்கும் விப்பம். எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

இப்போது, வக்கீல் கடிதத்தின்படி, கென்ற் பக்கத்து வாடிக்கைக்காரன் ஒருவன் மெல்லிய குழலை அந்தக் கட்டைக்குள் வைத்து முறுக்கியிருக்கிறான். கட்டை வழுக்கியது. குழல் நாசம். கையில் எட்டுத் தையல்.

ஹார்லன் கட்டையைத் திருப்பி எழுத்தில் விரலை வைத்தார். "இந்தக் குறி என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் பாஷை எழுத்து, சேர். இவனுடைய பெயரின் முதல் எழுத்து." பத்மநாதனின் குரலில் தடுமாற்றமே இல்லை. "வீட்டில் களவாகச் செய்து விற்றிருக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது."

திறந்திருந்த கதவுக்கு வெளியே ரொன் என்கிற வெள்ளைக்காரன் லேத்தில் சாய்ந்தபடி கத்தினான்: "புலி அடிச்சுவடு வைச்சிட்டுப் போயிருக்கு!" இரண்டு பேர் சிரித்தார்கள்.

கஸ்பர் ஒரு காலடி முன்னே வைத்தான். "நோ சேர், நோ சேர்," என்றான். ஹார்லன் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். இன்றோடு வேலை முடிந்தது என்பதைப் பத்மநாதன்தான் சொன்னார்.

ஆளில்லாததும் 'நீர்' என்ற மரியாதை போய்விட்டது.

"எழுத்தை ஏனடா வெட்டினனீ? ஆர் உன்னை வெட்டச் சொன்னது?"

"பட்டறை வழக்கம் அண்ணை. செய்தவன் ஆரெண்டு தெரியவேணும். பிழைச்சால் அவனிட்டைத் திரும்பி வரவேணும்."

"வந்திட்டுதுதானே? சந்தோசமோ? உங்களைப் போலை வந்த ஆக்களாலை எங்கட மானம் போகுது."

"அண்ணை, என்ரை கடிதம்... செவ்வாய்க்கிழமை..."

பத்மநாதன் மூலையிலிருந்த தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். உள்ளே விற்காமல் மிஞ்சிய பிடிகட்டைகள்.

"இருபத்திமூண்டு கிடக்கு. அஞ்சு மணிக்குள்ளை எல்லாத்திலையும் அந்த எழுத்தை அராவி எடு. கடிதம் தாறன்."

"உதுகளை விக்காதேங்கோ. இன்னொருத்தன்ரை கையும் போகும்."

"போனால் உன்ரை எழுத்து இருக்காது. விளங்குதே? போ."

கஸ்பர் பட்டறை மூலையில் வாங்குப் பலகையில் இருந்து அராவினான். மூன்று மணிக்குள் பன்னிரண்டு. நாலரைக்கு இருபது. மரத்தூள் மூக்கில் ஏறியது. விமானமொன்று கூரையை உரசுவது போல இறங்கியது, தகரம் அதிர்ந்தது. ரொன் அவனைத் தாண்டிப் போகும்போது பூனை போலச் சீறிவிட்டுப் போனான். கஸ்பர் அரத்தை நிறுத்தவில்லை.

அஞ்சு மணிக்குப் பத்மநாதன் கடித உறையை நீட்டினார். கஸ்பர் தூள் அப்பிய விரலால் பிரித்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தான். இரண்டாவது வரியில் நின்றான்.

"அண்ணை, கூட்டுறவன் எண்டு கிடக்கு. தற்காலிகம் எண்டும் கிடக்கு."

"புத்தகத்திலை அப்பிடித்தானே கிடக்கு. முதலாளியைப் பொய் எழுதச் சொல்லுறியோ?"

"இதைக் காட்டினால் அவளுக்கு விசா குடுக்க மாட்டாங்கள்."

பத்மநாதன் குனிந்து, அராவிய கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பெட்டிக்குள் அடுக்கினார். இருபத்திரண்டு மழமழவென்று இருந்தன. கடைசிக் கட்டையில் விரல் நின்றது. கஸ்பர் முதன்முதலில் செய்தது அது. உளி ஆழமாக இறங்கியிருந்தது. எவ்வளவு அராவியும் 'க' மங்கலாகத் தெரிந்தது.

"உது போகாது அண்ணை," என்றான் கஸ்பர்.

பத்மநாதன் மேசையிலிருந்த லேபல் சுருளில் ஒன்றைக் கிழித்தார். எழுத்தின் மேல் வைத்து, பெருவிரலால் நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினார். சிவப்பில் சிங்கம், அதன் கீழே தங்க எழுத்து: 'இங்கிலாந்தில் கையால் செய்யப்பட்டது.'