மதியத்துச் சர்க்கரை

அன்றும் சர்க்கரை பார்க்கிற மிஷின் நூற்று எண்பதைத் தாண்டிக் காட்டியது. கேக் கடையின் பின்னறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் முறைத்தேன். அது என்ன செய்யும், பாவம். வயிற்றில் ஏழு மாதம். சாப்பாட்டாலும் நடையாலும் மூன்று வாரத்தில் சர்க்கரையை இறக்கப் பார், இல்லாவிட்டால் ஊசிதான் என்று டாக்டரம்மா கெடு விதித்திருந்தார். மறுநாளோடு கெடு முடிகிறது.

ஊசிக்குக்கூட நான் பயப்படவில்லை. யாரும் நம்பாததுதான் வயிற்றெரிச்சல். நாள் முழுக்கக் கேக்குக்கு க்ரீம் பூசுகிறவள் நாக்கில் வைக்காமல் இருப்பாளா என்று கடையில் எல்லோருக்கும் சிரிப்பு. வேலைக்காக வெளியூரில் கிடக்கும் கணவர், "என்கிட்ட மறைக்க என்ன இருக்கு? ஏதாவது தின்னிருப்ப" என்றார் போனில். "சத்தியமா இல்லீங்க." "சரி சரி" என்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம். வீட்டில் கைப்பிடி சோறு, நிறையக் காய், ஒரு முட்டை. சாப்பிட்டதும் அரை மணி நேரம் தெருவில் தனியாக நடப்பேன். பேச ஆளில்லாமல் வயிற்றோடு பேசினால், அதுவும் அந்த நேரம் பார்த்துத்தான் தூங்கும்.

மறுநாள் பிற்பகல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் தினமும் சர்க்கரை அளவு எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினார். "காலையில, ராத்திரியில எல்லாம் ஒழுங்கா இருக்கு. மதியம் மட்டும் எகிறுதே. எங்க வெச்சுப் பாக்குற?"

"கடையிலதான் சிஸ்டர். கேக்குக்கு க்ரீம் போடுற வேலை."

"கை கழுவிட்டா?"

"ஏப்ரன்ல நல்லாத் துடைச்சிருவேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்ல ஆளும்மா நீ! விரல்ல ஒட்டியிருந்த சர்க்கரையத்தான் இத்தனை நாளா அளந்திருக்க."

குழாயடிக்குக் கூட்டிப்போய், விரல் விரலாகச் சோப்புப் போட்டு அவரே கழுவிவிட்டார். என்னை ஒருவர் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, விரலில் குத்திப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. ஊசி இப்போதைக்கு வேண்டாம், இன்னும் ஒரு வாரம் கையைக் கழுவிவிட்டுப் பார் என்றார் டாக்டரம்மா.

வாசலுக்கு வந்ததும் கணவரை அழைத்தேன். "ஏங்க, நூத்திப் பன்னெண்டு! ஊசி வேணாமாம்!"

"பாத்தியா? நான் சொன்னதும் வாயக் கட்டிட்ட, சட்டுனு இறங்கிடுச்சு." அவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறார். கெடுக்க மனசு வரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

நான் ஏறவேண்டிய பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்து, கொஞ்சம் காத்திருந்து, மூடிக்கொண்டு போனது. போனில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.