பார்வைக்கு ஒரு பல்

தையல் கடையில் காலர் தைப்பதால் அவள் காலர் அக்கா. அவளுடைய மேல்வரிசை முன்பல் இடத்தில் வைத்த இரண்டாவது திருகு இது. முதல் திருகு நிலைக்காமல் போனதற்கு வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தால்தான் அவளுக்குத் தைத்த மாதிரி இருக்கும். சொந்தப் பல்லைத் தின்றதும் அந்தப் பழக்கம்தான். பிறகு தாடை எலும்பில் திருகு பதித்து, மேலே தற்காலிகமாக மாட்டிய பல்லை ஆட்டிவிட்டதும் அதுதான்.

"இந்தத் தடவை எலும்பு கொஞ்சம்தான் இருக்கு," என்றார் பல் டாக்டரம்மா. "இதுவும் ஆடிடுச்சுன்னா மறுபடி வைக்க எடமில்ல. மேல மாட்டியிருக்கிறது பார்வைக்குப் பல்லு, வேலைக்கு இல்ல. வெதுவெதுப்பா உப்புத் தண்ணி விட்டு மெதுவாக் கொப்பளிங்க. எதையும் உறிஞ்ச வேண்டாம். நாக்கால தையலைத் தடவிப் பாக்க வேண்டாம்."

"நாக்கு எங்க வீட்டுக்காரர் மாதிரி டாக்டர். வேண்டாங்கிற எடத்துக்குத்தான் போகும்."

டாக்டரம்மா சிரித்தார். அக்காவும் சிரித்தாள், வழக்கம்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு. ஒரு தடவையாவது அந்தக் கையை மடியிலேயே விட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

"எலும்பு தானா அதைப் பிடிச்சுக்கும். நீங்க தொந்தரவு பண்ணாம இருந்தாப் போதும்," என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வீட்டில் தலைக்கு இரண்டு தலையணை வைத்து, கன்னத்தில் ஐஸ் ஒற்றிவிட்டார் கணவர். கண்ணை மூடினால் அவளுக்குள்ளே யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி இல்லை, மிஷின் சத்தம் இல்லை. எலும்பு இழை இழையாக வந்து திருகைச் சுற்றிக்கொண்டது. தைப்பது யார் என்று அவள் கேட்கவில்லை. கும்பிட மட்டும் செய்தாள்.

வீக்கம் வடிந்ததும் கடைக்குப் போனாள். கடையில் மூன்றே பேர். துணி வெட்டும் மாஸ்டர், காலரும் கையும் தைக்கும் அவள், பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அண்ணன். அந்த அண்ணனுக்கும் அவளுக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. காற்று வேண்டும் என்று அவள் ஜன்னலைத் திறப்பாள். நூல் பறக்கிறது என்று அவர் சாத்துவார். சண்டை அவ்வளவுதான். ஆனால் இருவருக்கும் ரோஷம் அதிகம்.

மத்தியான வெயில் கண்ணாடி வழியாக இறங்கி, பஞ்சுத் துகள்களை மெல்ல மிதக்கவிட்டது. சாப்பிட்ட மாத்திரை வேறு கண்ணைச் சொக்க வைத்தது. வெள்ளைத் துணி அவள் விரல்களுக்கடியில் ஆறாக ஓடியது. மிஷின் சத்தம் தூரத்து மழையாகக் கேட்டது. அவள் படகில் போய்க்கொண்டிருந்தாள். கரை வந்தது. தையல் முடிந்தது. கை தானாக நூலைத் தூக்கியது. உதட்டில் நூல் பட்டது.

டிக்.

நூல் இரண்டாக விழுந்தது. விழித்துப் பார்த்தால் சின்னக் கத்தரிக்கோலுடன் காஜா அண்ணன் நிற்கிறார், முகத்தை மாஸ்டர் பக்கம் திருப்பிக்கொண்டு.

"மாஸ்டர், அந்தம்மாகிட்ட சொல்லுங்க. இந்தப் பல்லும் போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் பொக்கைதான்னு."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா? நேரா சொல்லுய்யா."

அக்காவும் மாஸ்டர் பக்கமே திரும்பினாள். "மாஸ்டர், அவர்கிட்ட சொல்லுங்க. ரொம்பப் புண்ணியமாப் போகும்னு. ஆனா ஜன்னலைச் சாத்துறது தப்புதான்னும் சொல்லுங்க."

மறுநாள் அவள் வந்தபோது காஜா அண்ணனின் ஸ்டூல் அவளுடைய மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. மிஷின் ஓய்கிற போதெல்லாம் பக்கத்திலிருந்து ஒரு கை வரும். டிக். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பெரிய காரியங்களைக் கடவுள் தானே பார்த்துக்கொள்கிறார், நூல் அறுப்பது போன்ற சில்லறை வேலைகளை நமக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அந்த ஒதுக்கீட்டில் ரோஷத்துக்கு இடமே கிடையாது போல.

மாதங்கள் கழிந்தன. டாக்டரம்மா தற்காலிகப் பல்லைக் கழற்றிவிட்டு, திருகைக் கருவியால் மெல்லத் தட்டினார். அக்கா கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டாள். கிண்ணென்று ஒரு சத்தம், தலைக்குள்ளேயே மணியடித்த மாதிரி.

"கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு!" என்றார் டாக்டரம்மா.

நிரந்தரப் பல் மாட்டியாயிற்று. அதையும் ஈறோரம் அழுக்குத் தங்காமல் தினமும் துலக்க வேண்டும். நூலைக் கடிக்கிற எண்ணமே கூடாது.

"எங்க, சிரிங்க பாப்போம்," என்றார் மாஸ்டர், அவள் கடைக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்ததும்.

சிரித்தாள். பாதி தூரம் எழும்பிய கை, வேலை இல்லை என்று தெரிந்து மடிக்கே திரும்பியது.

"மாஸ்டர், அந்தம்மாகிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்த காஜா அண்ணன் நிறுத்தினார். ஊசியைப் பார்த்தார். "நல்லாருக்கு, தங்கச்சி."

"நீங்க பாத்துக்கிட்டதுண்ணே," என்றாள் அவள்.

அண்ணன் இல்லாத நேரங்களில் தானே வெட்டி வெட்டி, இப்போது கத்தரிக்கோல் எடுக்க அவள் கை நன்றாகவே பழகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு முதல் காலரைத் தைத்து முடித்ததும், கத்தரிக்கோலைத் துணிக்கடியில் தள்ளிவைத்துவிட்டு, நூலைப் பக்கத்து ஸ்டூல் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.