நான்கு கிராம்

எங்கள் அடுப்படியில் உப்புக்கு ஐம்பத்தெட்டரை என்று பெயர். சர்க்கரைக்கு முன்னூற்று நாற்பத்திரண்டு. என் மனைவி முஜியாதி மாதக்கணக்காக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாஸ், அந்த முன்னூத்தி நாப்பத்திரண்ட எடுங்க" என்பாள்; மாஸ் என்பது புருஷனை மரியாதையாகக் கூப்பிடுவது. என் கையும் தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போகப் பழகிவிட்டது. மோல் என்பது டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கையாம். கோழிமுட்டை டஜனும் வாத்துமுட்டை டஜனும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் வேறு. அப்படி ஒரு மோல் உப்பு ஐம்பத்தெட்டரை கிராம், சர்க்கரை முன்னூற்று நாற்பத்திரண்டு. "அப்ப ஒரு மோல்ல எத்தன முட்டை?" என்று கேட்டேன். பூஜ்யம் பூஜ்யமாக அடுக்கிச் சொன்னாள். "சுமத்ரா முழுக்கக் கோழி அத்தனை இல்லையேடி" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சட்டியில் டெம்பே சோயாத் துண்டுகள் கருகுவதுகூடத் தெரியாமல் நாற்பதால் எதையோ பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. எண்ணெய்ப் பனைத்தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் குழுவில் முதுகில் தொட்டி சுமந்து அவள் இளமை போனது. கைநகங்கள் கறுத்து உரிய ஆரம்பித்திருந்தன. காலையில் இருமினால் கைக்குட்டையில் சிவப்பாகத் தெரியும். இனிமேல் களைமருந்துப் பக்கமே போகக்கூடாது என்று மருந்தகத்து நர்ஸ் சொல்லிவிட்டாள். போகாமல் எப்படி? நான் குத்தகைக்காரரின் லாரியில் பனைப்பழம் ஏற்றி ஓட்டுகிறவன், தோட்டத்து ஆள் இல்லை. குடியிருக்கும் வீடு அவள் பெயரில் தோட்டம் கொடுத்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் உதவியாள் வேலை காலி என்று பலகையில் ஒட்டியபோது அவளுக்கு உயிர் வந்தது. மாலைப் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து வயது ஆனவர்களை எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இவளும், பள்ளி முடித்துச் சூடு ஆறாத ரிஸால் என்கிற பையனும். அன்று மழை விட்டும் விடாமலும் இருந்தது. என் லாரி பழம் இறக்கும் வரிசையில் நின்ற இடம் சோதனைக்கூடத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே; தராசின் எண்கூட அங்கிருந்து தெரிந்தது. எண்ணெயின் புளிப்பை அளக்கும் காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க வேண்டும், பூஜ்யம் புள்ளி ஒன்று மோல். சோடாவின் ஒரு மோல் நாற்பது கிராம்; அதை நாற்பதால் பெருக்கினால் நான்கு கிராம். எனக்கே மனப்பாடம். தராசில் சோடாவின் வெள்ளை மணிகளை அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு மணி குறைந்தால் நாலுக்குக் கீழே, வைத்தால் மேலே. இடுக்கியால் பெரிய மணியை எடுத்துச் சின்ன மணியை வைத்தாள். சரி என்று நிமிர்வதற்குள் எண் மெல்ல ஏறியது. மறுபடியும் எடுத்தாள். பக்கத்துத் தராசில் அந்தப் பையன் அரிசி கொட்டுவது போல் கொட்டினான், பார்த்தான், எழுதினான், தண்ணீரில் போட்டுக் கலக்கினான். தொலைந்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வரிசை நகர்ந்து பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நான் அசையவில்லை. கடைசியில் முஜியாதி நிமிர்ந்தாள். நாலு, அதற்குப் பின்னால் எல்லாம் பூஜ்யம். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பிற்பகலில் சோதனைக்கூடத் தலைவர் சிரெகர், வாசலில் காத்திருந்த எங்களிடம் தாமே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல, இபு. ரிஸாலுக்கு ரெண்டு இடத்துல தப்பு" என்றார் முஜியாதியிடம், அம்மா என்று மரியாதையாக.

"அப்புறம் என்ன, பாக்?" என்று அவரைக் கேட்டாள்; பாக் என்றால் ஐயா.

"ஒங்க கரைசல் நீர்த்துப்போச்சு. சோடா காத்துல இருக்கற ஈரத்த குடிக்கும். இன்னைக்கோ மழ. நீங்க பொறுக்கிப் பொறுக்கி வெச்ச நேரமெல்லாம் அது குடிச்சுட்டே இருந்துச்சு. நீங்க நிறுத்ததுல தண்ணியும் சேந்துடுச்சு."

"நாலுன்னா நாலுதான வெக்கணும்?"

"சரியா நாலு யாராலயும் வெக்க முடியாது, இபு. அவன் சட்டுனு நாலு புள்ளி ஒண்ணு மூணு போட்டான். போட்டத நாப்பதால வகுத்து, வந்த மோல எழுதிட்டான்."

முஜியாதி ஓரடி முன்னால் வந்தாள். "வந்தத எழுதலாமா?" என்று கேட்டாள்.

கிராமிலிருந்து மோலுக்குத் திருப்பிப் போடும் அந்தக் கணக்கை வீட்டில் நூறு முறை போட்டவள் அவள். அது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். நினைக்காமல் என்ன செய்வாள்? தெளிக்கும் குழுவில் கங்காணி துகியோவின் அளவுக் குவளையில் இருக்கும் கோடுதான் சட்டம். கோட்டுக்குக் கீழே ஊற்றினால் களை சாகாது, கூலி வெட்டு. மேலே ஊற்றினால் மருந்து வீண், அதற்கும் வெட்டு. நீ உண்மையில் எவ்வளவு ஊற்றினாய் என்று இத்தனை வருடத்தில் அவளை எவனும் கேட்டதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சிரெகர் நல்ல மனுஷன், அதுதான் இன்னும் மோசம்.

"பாக், இன்னொரு தடவ செஞ்சு காட்டட்டும். உடனே செஞ்சுடுவா" என்றேன்.

"அவன் பேர மேல அனுப்பியாச்சு, கார்னோ. அடுத்தது எப்போன்னு எனக்கே தெரியாது. அப்பவும் வயசு..." என்று நிறுத்திக்கொண்டார்.

வீடு வந்தோம். அவள் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தாள், மிளகாய் அரைத்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"மாஸ், அந்த உப்ப எடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விடிகாலையில் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனவன் களைமருந்துக் கொட்டகை அருகே நிறுத்தினேன். தொட்டிகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முஜியாதியின் முறை. துகியோ குவளையை நீட்டினார். அவள் அதைக் கல்லின் மேல் வைத்து, குந்தி உட்கார்ந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து கேனைச் சாய்த்தாள்.

"மண்ணுல மொகத்த வெச்சுட்டு என்ன ஆராய்ச்சி? ஊத்திட்டுக் கெளம்பு" என்றார் துகியோ.

அவள் எழவில்லை. கறுத்த நகமுள்ள விரலால் கேனின் வாயை அடைத்துப் பிடித்து, கோட்டைத் தொட இன்னும் ஒரே ஒரு சொட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.